ஐம்பது சிசி

"எஞ்சினைப் பிரிங்க சார்! உள்ளே திருட்டு இருக்கு!"

பந்தயப் புகை அடங்கும் முன்பே சூரப்புலி நடுவரின் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான். சூரப்புலி என்பது அப்பாவின் மெக்கானிக் பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்தவன் அவன் ஒருவன்தான். அவனைத் தோற்கடித்த தங்கை புருஷன், எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

பழைய ஐம்பது சிசி மோட்டார் சைக்கிள்களுக்கான பந்தயம் அது. பட்டறை மூலையில் கிடந்த இரண்டு வண்டிகளை மகனுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, "எவன் எஞ்சின் முந்துதோ, அவன் கையில பட்டறைச் சாவி" என்று சொல்லியிருந்தார் அப்பா.

மாப்பிள்ளை மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. எஞ்சினில் புகை வெளியேறும் வழியை உப்புத்தாளால் தேய்த்தான், ஓட்டினான், பெட்ரோல் சரியாக எரிகிறதா என்று பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தான், மறுபடி தேய்த்தான். சூரப்புலி டேங்குக்குச் சிவப்பு அடித்து, இரண்டு பக்கமும் மின்னல் வரைந்தான்.

"உன் பிளக் என்ன நிறம்டா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"அதெல்லாம் வேலையத்தவன் பாக்குறதுப்பா. எந்த ஐம்பது சிசியும் என் வண்டி முன்னாடி நிக்காது. எழுதி வெச்சுக்கோங்க."

அவ்வளவு நிச்சயமாக இருந்தவன், மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டே கோட்டைத் தாண்டினால் எப்படிப் பொறுப்பான்?

"ஒழுங்கான எஞ்சினால என்னை முந்தவே முடியாது சார். சிலிண்டரைக் குடைஞ்சு பெருசாக்கியிருக்கான்!"

"அண்ணே, வேண்டாம்ணே" என்றாள் தங்கை.

"திருடனைக் கட்டிக்கிட்டா அப்படித்தான் உதறும்."

நடுவர் மேஜைமேல் இரண்டு துணிகளை விரித்தார். ஸ்பேனரை எடுத்தார்.

மாப்பிள்ளையின் எஞ்சினுக்கு மூடியான ஹெட் கழன்றது. வெர்னியர் அளவுகோல் சிலிண்டருக்குள் இறங்கியது. கூட்டம் கழுத்தை நீட்டியது.

"நாற்பது மில்லிமீட்டர். கம்பெனி அளவு. சுத்தம்."

மாப்பிள்ளைக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. சூரப்புலி நைசாகத் தன் வண்டியைத் தள்ளப் பார்த்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க? அடுத்து உங்க எஞ்சின்."

"என்னோடது எதுக்கு? நான்தான் தோத்துட்டேனே!"

"புகார் வந்தா ரெண்டையும் பிரிக்கணும். இங்க அதான் விதி."

முதலில் பிளக் வெளியே வந்தது. அடுப்பில் கிடந்த மாதிரி கரி அப்பியிருந்தது. பிறகு ஹெட். நடுவர் வெர்னியரை இறக்கினார். நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினார்.

"நாற்பத்து மூணு. இது ஐம்பத்தேழு சிசி."

அப்பா அந்தப் பிளக்கை எடுத்து, கரியை விரலால் தேய்த்துப் பார்த்தார். சாவியை மாப்பிள்ளையின் எண்ணெய்க் கையில் வைத்தார். அப்புறம்தான் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏமாத்திக்கூட ஜெயிக்கத் தெரியலையேடா உனக்கு!"