கடலில் நுரைத்த சவர்க்காரம்

பூந்துளிச் சவர்க்காரத்தில் பன்றிக் கொழுப்பு என்று முகநூலில் யாரோ கொளுத்திப் போட, கல்முனை முழுக்கப் பற்றிக்கொண்டது. முகநூலில் வந்துவிட்டால் பிறகு விசாரணை எதற்கு?

அந்தக் கம்பனிக்கு வம்பு புதிதில்லை. போன வருடம் அதன் டயப்பர் பிள்ளைகளின் தோலைப் புண்ணாக்கியது என்று ஒரு கூச்சல். அதற்கு முதல், விளம்பரத்தில் கறுத்த பெண்ணைக் கேலி செய்தது என்று இன்னொன்று. அதெல்லாம் கொழும்போடு அடங்கிப்போனது. இதுவோ ஏஜன்ட் றொமால்டின் வயிற்றில் நேரே வந்து அடித்தது.

சாய்ந்தமருது மர்சூக்கின் மொத்த வியாபாரக் கடையில் இருப்பதைத்தான் கரையோரக் கடைகள் எல்லாம் விற்கும். அவர் பூந்துளியைத் தட்டிலிருந்து இறக்கி மூலையில் போட்டுவிட்டார்.

“காக்கா, மாதாவாணச் சொல்றன், அதில ஒரு சொட்டுக் கொழுப்பும் இல்ல” என்று மூத்தவரான மர்சூக்கிடம் கெஞ்சினான் றொமால்ட்.

“நீங்க நல்ல மனிசன், தம்பி. கம்பனிக்காரன் என்னத்தப் போடுறான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஹறாமான சாமான வித்துப்போட்டு நான் ஊராக்களிட முகத்தில எப்பிடி முழிக்கிற?”

அன்றைக்கென்று பார்த்துக் கம்பனி அதிகாரி சிவரூபினியும் கொழும்பிலிருந்து அந்தக் கடை வாசலில் வந்து இறங்கினாள். விற்பனை நிமிராவிட்டால் ஏஜன்சி வேறு ஆளுக்கு என்று முகத்துக்கு நேரே சொன்னாள். பூந்துளியை விட்டால் றொமால்டுக்கு வேறு பிழைப்பில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

“காக்கா, உங்கட கடையில கிடக்கிற கட்டியில நீங்களே ஒண்ட எடுங்க. கடக்கரைக்கு வாங்க. மிஸ், நீங்களும்தான்!”

மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம். வலை இழுத்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாகக் கடற்கரை நிறைந்துவிட்டது. றொமால்ட் காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

“கடலுக்குப் போற ஆக்கள் நீங்களே சொல்லுங்க! கொழுப்புச் சவுக்காரம் உப்புத் தண்ணியில நுரைக்குமா?”

“நுரைக்காது!” என்றது கூட்டம். “தேங்காண்ணச் சவுக்காரம்தான் நுரைக்கும்.”

மர்சூக் கொடுத்த கட்டியை நனைத்துத் தலையில் பரபரவென்று தேய்த்தான். நுரை பொங்கிக் காது, கழுத்தெல்லாம் வழிந்தது. சனம் கை தட்டியது. மர்சூக் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கி, கையில் தேய்த்து மணந்து பார்த்தார்.

“மாஷா அல்லாஹ்! அசல் தேங்காண்ண! நாளைக்கே நூறு பெட்டி அனுப்புங்க தம்பி” என்று நுரையோடு நுரையாக அவனைக் கட்டிப்பிடித்தார்.

றொமால்டுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது; சவர்க்காரமும் கொஞ்சம் போயிருக்கலாம். கரையேறி வந்தால், சிவரூபினி மட்டும் கை தட்டாமல் நின்றாள்.

“என்ன மிஸ், இனிப் பயமில்லத்தானே?”

“ஓம், இனி ஒருத்தரும் பன்றிக் கொழுப்பு எண்டு சொல்ல மாட்டாங்க” என்றவள், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“ஆனா, எங்கட கம்பனி பூந்துளிய பாம் எண்ணெயில மட்டும்தான் செய்யுது, அது கடல் தண்ணியில நுரைக்கவே நுரைக்காது, இத நீங்க எங்க வச்சுச் செய்றீங்க, மிஸ்டர் றொமால்ட்?”