வலது டேங்க்

காலை ஏழு இருபதுக்கு எஞ்சின் நின்றது. ஏழு இருபத்துநான்குக்கு அந்தச் சின்ன விமானத்தைக் கடலைக்காட்டில் இறக்கிவிட்டான் இன்பராஜ். பக்கத்தில் இருந்த சர்வேயர் எமிமா கையெடுத்துக் கும்பிட்டாள். “என் பிள்ளைங்களுக்கு என்னைத் திருப்பிக் குடுத்துட்டீங்க, சார்.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருக்கைகளுக்கு நடுவே, டேங்க் மாற்றும் பெட்ரோல் வால்வு, வற்றிப்போன இடது இறக்கை டேங்கிலேயே நின்றது. பயத்தில் எதையெதையோ தொட்டவன் அதை மட்டும் தொடவில்லை. அவள் இறங்கியதும் மெல்ல அதை வலப்பக்கம் திருப்பி வைத்தான். ஓடிவந்து கைதட்டிய ஊர்க் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காட்டுக்குச் சொந்தக்காரர் வந்தார். நசுங்கிய செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வலது இறக்கையைப் பிடித்து ஆட்டினார்; உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்டது.

“இந்தப் பக்கம் நெறையக் கெடக்கே தம்பி. எங்க பைக்குல மாதிரி இதுல ரிசர்வுக்கு மாத்த முடியாதா?”