டொரன்டோ – திருச்சி நாற்பது நிமிஷம்

டொரன்டோவிலிருந்து திருச்சிக்கு நாற்பதே நிமிஷத்தில் விமானம் வரத் தொடங்கியதிலிருந்து தணிகாசலத்தின் நிம்மதி போயிற்று. மகள் மாதங்கி புருஷனோடு சண்டை போட்டால், கோபம் ஆறுவதற்குள் வாசலில் வந்து நிற்பாள்.

இன்றைக்குப் போனில் ஒரே அழுகை. "இனிமே அவரோட வாழ முடியாதுப்பா. ஒரேயடியா வந்துடறேன். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டேன்."

மனைவி விசாலம் மகளுக்கும் சேர்த்து உலை வைத்தாள். சோறு வெந்து ஆறியும் போயிற்று. மகளைக் காணோம். தணிகாசலம் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

மறுபடி போன் அடித்தது.

"அப்பா, செக்யூரிட்டி க்யூவுல மூணு மணி நேரமாச்சு. நான் மறந்த ஸ்வெட்டரைத் தூக்கிக்கிட்டு அவரும் வந்து பக்கத்துல நின்னாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். எவ்வளவு நேரந்தான் திருப்பிக்கிறது? கழுத்து வலிச்சுது. பேசிட்டோம். வீட்டுக்குத் திரும்பிட்டிருக்கோம்பா."

தணிகாசலம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஏங்க, வடிச்ச சோத்தை என்ன பண்ண?" என்றாள் விசாலம்.

"தண்ணி ஊத்தி வைடி. விமானத்தை வேகமாக்கினவன் எக்கேடும் கெடட்டும். அந்த க்யூவை அப்படியே விட்டு வெச்ச புண்ணியவான் நல்லா இருக்கணும்!"