அஞ்சு சுத்து

பொறுப்பேற்று நாலு நாளே ஆன தலைமை ஆசிரியை விளையாட்டு அறையைக் கடக்கும்போது, சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் இரண்டு குரல்கள் கேட்டன.

"சட்டைப் பையில என்ன?"

"ஒண்ணுமில்லையே!"

"அப்ப சிகரெட் வாசனை எங்கேருந்து வருது?"

"அது... காலைல ஒண்ணே ஒண்ணு."

"இதோட மூணாவது தடவை. பேச்சுன்னா பேச்சு. மைதானத்தை அஞ்சு சுத்து!"

அவருக்குத் திக்கென்றது. பிடிபட்ட பிள்ளையை வெயிலில் ஓடவிட்டால் அவன் சிகரெட்டை விடமாட்டான், பள்ளிக்கூடத்தைத்தான் விடுவான். நாமே பக்குவமாகப் பேசிப் பார்ப்போம் என்று கதவைத் தள்ளினார்.

உள்ளே பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். விளையாட்டு ஆசிரியர் தன் சிகரெட் பாக்கெட்டை அந்தக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் அசடு வழிந்தார். "போன மாசம் இவனைச் சிகரெட்டோட பிடிச்சேன் மேடம். 'நீங்க விட்டா நானும் விடறேன் சார்'னான். சேர்ந்தே விடறதா ஒப்பந்தம்."

"நான் விட்டு முப்பத்திரண்டு நாளாச்சு மேடம்," என்றான் மாணவன். "சார்தான் பாவம், ரொம்பக் கஷ்டப்படறார்."

தலைமை ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஓடுங்க சார்" என்றார்.

இரண்டாவது சுற்றிலேயே ஆசிரியருக்கு மூச்சு வாங்கியது. அதைப் பார்த்த மாணவன் செருப்பை உதறிவிட்டு, அவருக்குத் துணையாக ஓடத் தொடங்கினான்.