மூன்றாம் நம்பர் தண்ணீர்

"மிஸ், மூணாம் நம்பர்ல ஒரு வேர்கூட இறங்கலை. ஆறு வெங்காயமும் மொட்டையா நிக்குது. சாயப்பட்டறை வாய்க்கால் தண்ணிதான் இது, சந்தேகமே இல்லை. எழுதிட்டு நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

உயிரியல் டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மிச்சம் பதினெட்டையும் அளந்தாச்சா?"

எங்கே அளந்தாள்! பன்னிரண்டாம் வகுப்புக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி ஸ்கேலை எடுத்தாள். வகுப்பில் அவளுக்கு 'வெங்காயம்' என்றே பெயராகிவிட்டது. ஒரு மாதமாக அவள் நோட்டு, பை, துப்பட்டா எல்லாவற்றிலும் அந்த வாடைதான், பாவம்.

நான்கு விதத் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் ஆறு கண்ணாடிக் குழாய். குழாயின் வாயில் ஒரு சின்ன வெங்காயம், அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி. ஐந்து நாளில் வேர் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். வாய்க்கால், ஏரி, பள்ளிக் குழாய், அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீர். எந்தத் தண்ணீருக்கு எந்த நம்பர் என்பது ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் லேப் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதி, கவரில் ஒட்டி, அலமாரியில் பூட்டிவிட்டார். தெரிந்தால் அளக்கிற கை ஓரவஞ்சனை செய்யும் என்பது டீச்சரின் கட்சி.

"மூணு தடவை செஞ்சாச்சு மிஸ். மூணு தடவையும் மூணாம் நம்பர்தான் செத்துச்சு. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?"

"அப்படி என்னடி அவசரம் உனக்கு?"

அவ்வளவுதான், அவள் கண் கலங்கிவிட்டது.

"எங்க அண்ணியை இன்னைக்கு அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்புறாங்க மிஸ். ஒரேயடியா. அவங்கப்பா வந்து உட்கார்ந்திருக்கார். பன்னிரண்டரை பஸ்."

"எதுக்கு?"

"மூணு தடவை குழந்தை வயித்துல தங்கலை. 'மூணு தடவை பார்த்தாச்சு, அவ உடம்பு வாகே சரியில்லை'ன்னு அம்மா சொல்லிட்டாங்க. அண்ணன் கல்லு மாதிரி நிக்கிறான். வாயே திறக்கலை."

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வேற எதையாவது மாத்திப் பார்த்தாங்களா உங்க வீட்டுல? எதையுமே மாத்தாம மூணு தடவை பார்த்துட்டு, தப்பு அந்தப் பொண்ணு மேலதான்னு முடிவு கட்டிட்டாங்களா? நீ இப்படி எழுதிக் கொடுத்தா நான் முட்டைதான் போடுவேன்."

"காலையில அண்ணி என் காதுல ஒண்ணு சொன்னாங்க மிஸ். மறுபடி நாள் தள்ளிப் போயிருக்காம். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாங்க. நான் போய் எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கப் போறேன். அப்போ அனுப்ப மாட்டாங்கல்ல? இந்தத் தடவை எங்க வீட்டுலயே வச்சு, நானே உள்ளங்கையில தாங்குவேன் மிஸ்."

டீச்சர் இன்னொரு ஸ்கேலை எடுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் அளக்க, பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

"கவரைப் பிரிங்க லேப் அண்ணா. கையெழுத்துப் போட்டுட்டு இவ ஓடட்டும்."

அவர் பிரித்துப் படித்தார். "ஒண்ணு, ஏரி. ரெண்டு, வாய்க்கால்."

"ரெண்டா? ரெண்டுல குட்டையாவாவது வேர் இருக்கே!" என்றாள் பெண்.

"நாலு, ஸ்கூல் குழாய்." மூன்றை அவர் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருந்தார். "மூணு… நல்ல தண்ணி, மிஸ்."

"மாத்தி எழுதியிருப்பீங்க" என்றார் டீச்சர்.

"சத்தியமா இல்லை மிஸ். பாட்டில்ல சீட்டு ஒட்டிக் கொடுத்தது இவ. மூணு தடவையும் ஊத்தினது நான்."

டீச்சர் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நல்ல தண்ணின்னா காய்ச்சி வடிச்ச தண்ணிதானே? கேன்ல இருந்து எடுக்கச் சொன்னேனே?"

"கேன் காலியா இருந்துச்சு மிஸ். சொன்னா திட்டுவீங்கன்னு…" அவள் குரல் உள்ளே போயிற்று. "எங்க வீட்டு போர் தண்ணியைக் கொண்டு வந்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும் மிஸ். நாங்க எல்லாரும் அதைத்தான் குடிக்கிறோம்."

"எப்போ போட்ட போர்?"

"அண்ணன் கல்யாணத்துக்கு. அதுக்கு முன்னாடி தெருக்குழாய்தான்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. மூன்றாம் நம்பர் குழாய்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதோ பாரு, வெங்காயம் வேற, மனுஷங்க வேற. அந்தத் தண்ணியை ஒழுங்கா சோதனைக்கு அனுப்பாம நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர். சொன்னாரே தவிர, அடுத்த நொடியே தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

மறுமுனையில் அண்ணி உடனே எடுத்தாள்.

"எங்கே இருக்கே கண்ணு? அப்பா பையைத் தூக்கிட்டார். நீ வந்து அத்தைகிட்ட பேசுவேன்னுதான் வாசல்லயே நிக்கிறேன். நீ சொன்னா நான் போகலை."

"போயிடுங்க அண்ணி" என்று அவள் அழுதுகொண்டே கத்தினாள். "உங்க கால்ல விழறேன், இப்பவே போயிடுங்க. எங்க வீட்டுல இனிமே ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காதீங்க!"