கழுதையின் மெல்லிய உதை

காட்டில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதை எப்போதும் கழுதையுடையதுதான். அது உதைத்தால் பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். எதிரணி முயலால் எடுத்து ஓட முடியாது. இந்த ஆண்டு விதி மாறியது. பந்து எல்லை தாண்டினால், எதிரணி முன்பைவிட வெகுதூரம் முன்னாலிருந்தே தன் ஆட்டத்தைத் தொடங்கலாம்.

“இனி உங்க பலம் எங்களுக்குத்தான் லாபம், அண்ணே,” என்றது முயல்.

“ஆடிப் பார்ப்போம் தம்பி.”

இறுதி ஆட்டத்தில் முயல் தன் எல்லைக்கோட்டருகே காத்து நின்றது. கழுதை நிதானமாக ஓடிவந்து பந்தை லேசாகத் தட்டியது. முட்டை வடிவப் பந்து முயலுக்கு முன்னால் விழுந்து தாறுமாறாகத் துள்ளியது. முயல் துரத்திப் பிடித்து நிமிர்வதற்குள் கழுதையின் அணி எருமைகள் அதை அங்கேயே வளைத்துக்கொண்டன.

“மெல்ல உதைக்க எப்போ கத்துக்கிட்டீங்க?” என்றது முயல், மூச்சிரைக்க.

“மழைக்காலம் முழுக்க. பலமா உதைக்கத்தான் நான் பழகினதே இல்லை,” என்றது கழுதை.