மேசைக்கு அடியில்

ஜன்னலுக்கு வெளியே ரயில் அலறியது. அடுத்த நொடி சாருமதி காதுகளைப் பொத்திக்கொண்டு தலைமை ஆசிரியையின் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

அவள் அம்மா தாட்சாயணி பதறி எழுந்தாள். ஆறு பள்ளிகள் கைவிரித்த பிறகு தேடி வந்த சிறப்புப் பள்ளி இது. இங்கும் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அதற்காகவே ஒரு மாதமாக மகளை நாற்காலியில் ஆடாமல் உட்காரப் பழக்கியிருந்தாள்.

"வீட்ல இப்படியெல்லாம் பண்ணவே மாட்டா மேடம்!"

"பொய் சொல்லாதீங்கம்மா" என்று சிரித்த தலைமை ஆசிரியை எஸ்தர் மேடம் செருப்பைக் கழற்றினார். புடவையைச் செருகிக்கொண்டு அவரும் மேசைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார். ஒரு கலர் பென்சிலை நீட்டினார். சாருமதியின் கைகள் மெல்லக் காதைவிட்டு இறங்கின.

தாட்சாயணி குனிந்து பார்த்தாள். மேசைப் பலகையின் அடிப்பக்கம் முழுக்கக் குழந்தைகள் வரைந்த நிலாக்கள், பேருந்துகள், எண்ண முடியாத சூரியன்கள். அவற்றுக்கு நடுவே மகள் நிதானமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், சீட்டு..." என்று இழுத்தாள்.

"குடுத்தாச்சும்மா. அந்த மூலையில பச்சை மீன் தெரியுதா? ஏழு வயசுல ரயிலுக்குப் பயந்து இங்க ஓடி வந்தப்போ நான் வரைஞ்சது."